பெரும் பென்டிராகன் ஆட்டத்தொடர்

பெரும் பென்டிராகன் ஆட்டத்தொடர் என்பது ஆர்தர் மன்னர் தொன்மக் கதைகளைத் தழுவி கிரெக் ஸ்டாஃபோர்ட் (1948–2018) உருவாக்கிய, மேசையைச் சுற்றி அமர்ந்து கதைமாந்தராக நடித்து விளையாடும் நெடுந்தொடர் ஆகும். இது 2006 இல் நூலாக வெளிவந்தது. இதற்கு அடிப்படையான பென்டிராகன் ஆட்டம் 1985 இல் கேயாசியம் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது.

கதை கி.பி. 485 இல், ஆர்தரின் தந்தை யூதரின் ஆட்சியில் தொடங்குகிறது. ஆட்டத்தின் முதன்மை மூலமான தாமஸ் மாலரியின் நூலை வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்டது 1485 இல். மூன்று ஆண்டுகளும் 85 இல் முடிவது சுவையான ஒற்றுமை.

பொதுவாக ஓர் அமர்வு ஓர் ஆண்டைக் குறிக்கும். ஆண்டிறுதியில் வரும் குளிர்காலக் கட்டத்தில் திருமணம், மகப்பேறு, விளைச்சல் ஆகியவற்றைப் பகடை முடிவு செய்கிறது. 35 வயதைக் கடந்த வீரரின் உடல் தளர்வதும் அவ்வாறே. கதை ஏறத்தாழ 80 ஆண்டுகள் நீள்வதால், யூதரிடம் பணிபுரிந்த வீரர் திருக்கிண்ணத் தேடலைக் காண்பது அரிது. அவர் இறந்தபின் ஆட்டக்காரர் அவருடைய மகனாகவும், பின்னர் பேரனாகவும் விளையாடுவார். தந்தை ஈட்டிய புகழ்ப்புள்ளிகளில் பத்தில் ஒரு பங்கே மகனைச் சேரும்.

கருணை–கொடூரம், வீரம்–கோழைத்தனம் போன்ற 13 இணைப் பண்புகள் ஒவ்வொரு வீரருக்கும் உண்டு. ஓர் இணையின் கூட்டுத்தொகை எப்போதும் 20. எனவே ஒன்று வளர்ந்தால் மற்றது தேயும். ஒரு பண்பு 16 ஐ எட்டினால் வீரர் அதற்காகப் புகழ்பெறுவார். ஆயினும் நெருக்கடியில் ஆட்டக்காரரின் விருப்பத்தை மீறி அப்பண்பே அவரை இழுத்துச் செல்லக்கூடும்.

வரலாற்றுத் துல்லியம் இதில் எதிர்பார்க்கத்தக்கதன்று. தொடக்கத்தில் சங்கிலிக் கவசம் அணியும் வீரர்கள், இறுதியில் 15 ஆம் நூற்றாண்டுத் தகட்டுக் கவசத்துடன் போரிடுகின்றனர். ஏறக்குறைய ஓர் ஆயிரமாண்டின் இடைக்காலம் ஒரே மன்னரின் கதைக்குள் வேண்டுமென்றே சுருக்கப்பட்டுள்ளது.