முருங்கைக்காயா, செம்போத்தா?

புதுச்சேரி கதிர்காமத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு எதிரே ஒரு முருங்கைமரம். ஒருநாள் காலை அதன் உள்கிளையில் செம்போத்து வந்து உட்கார்ந்தது. கேமராவை எடுத்து அமுக்கினேன். ‘பிப்’ என்றது, பச்சைக் கட்டம் காட்டியது. மளமளவென எட்டுப் படம். கணினியில் போட்டுப் பார்த்தால் எட்டிலும் முன்னால் தொங்கிய முருங்கைக்காய்தான் வரிவரியாகத் துல்லியம். சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்த பறவை பின்னால் ஒரு பழுப்புத் தீற்றல். சாம்பார் வைப்பவர்களுக்கு உதவும் படங்கள்.

கேமராவைத் திட்டிப் பயனில்லை. ஆட்டோ ஃபோகஸுக்கு எப்படிக் குவிப்பது என்று நன்றாகத் தெரியும். எதைக் குவிப்பது என்று நாம் சொல்லாவிட்டால், பெரும்பாலும் கிட்டே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பொருளிலிருந்து கிளம்பி விரியும் கதிர்களைச் சென்சாரில் மறுபடி புள்ளியாகக் கூட்டுவதுதான் ஃபோகஸ். லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்கு மட்டுமே இதைச் சரியாகச் செய்யும். அதற்குச் சற்று முன்னும் பின்னும் இருப்பதைக் கண் மன்னித்துவிடுகிறது. அந்த மன்னிப்பின் அளவு சிறியது. 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாரில் 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 அளவுக்குத் திறந்து, 2 மீட்டரில் நிற்பவரை எடுத்தால் மொத்தம் சுமார் 17 செ.மீ.தான். எஃப் 8-க்குச் சுருக்கினால் 80 செ.மீ. கிடைக்கும்.

சரியான தூரத்தைக் கேமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது? கட்டைவிரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள்; விரல் இடம் தாவும். லென்ஸின் இடது ஓரமாக வரும் ஒளியையும் வலது ஓரமாக வரும் ஒளியையும் கேமரா அப்படித்தான் தனித்தனியே பார்க்கிறது. இரண்டு பிம்பங்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து, லென்ஸை எந்தப் பக்கம், எத்தனை தூரம் நகர்த்த வேண்டும் என்று கணக்கிட்டுவிடும். எளிய கேமராக்களில் வேறு வழி: லென்ஸை நகர்த்திக்கொண்டே போய், விளிம்புகள் எங்கே பளிச்சென்று தெரிகின்றன என்று பார்ப்பது. உச்சத்தைத் தாண்டினால்தான் அது உச்சம் என்றே தெரியும். மங்கிய வெளிச்சத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிப்பது இதனால்தான்.

இரண்டு பிம்பங்களை ஒப்பிடும் வித்தை புதிதல்ல. 1950 ஏப்ரலில், புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து அரவிந்தரையும் அன்னையையும் படமெடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். பிரெஸ்ஸோன் கையில் இருந்தது லைக்கா. அதிலும் இரண்டு சிறு சாளரங்கள், இரண்டு பிம்பங்கள். வளையத்தைத் திருப்பி அவற்றை ஒன்றின்மேல் ஒன்று பொருத்த வேண்டும். பொருத்தும் வேலையைப் பிற்பாடு மோட்டார் வாங்கிக்கொண்டது. 1977-இல் வந்த கோனிகா சி35 ஏஎஃப் கடைகளில் விற்ற முதல் ஆட்டோ ஃபோகஸ் கேமரா. 1985-இல் மினோல்டா 7000 அந்த மோட்டாரை எஸ்.எல்.ஆர். கேமராவின் உடலுக்குள்ளேயே வைத்தது. ஹனிவெல் நிறுவனம் ஆட்டோ ஃபோகஸ் காப்புரிமை வழக்குப் போட, 1992-இல் மினோல்டா பெருந்தொகை கொடுத்துத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது.

ஆடி மாதம் வீராம்பட்டினம் தேரோட்டத்துக்குப் போனால் நான் யோசிக்காமல் ஆட்டோவுக்குத்தான் போவேன். தேர் நம்மை நோக்கி வருகிறது, வடம் இழுப்பவர்கள் அசைகிறார்கள், தூரம் நொடிக்கு நொடி மாறுகிறது. தொடர் ஃபோகஸைப் போட்டால் புதிய கேமராக்கள் ஒரு முகத்தின் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாமல் பின்தொடரும். அந்த வேகத்தில் வளையம் திருப்ப எனக்குத் தெரியாது.

பிரெஞ்சுக்காரர் தெருக்களில் கதை வேறு. வெறும் மஞ்சள் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கோடு இல்லை, லென்ஸ் தடுமாறும். பட்டை பட்டையான மரச் சாளரக் கதவில் கோடுகள் நிறைய உண்டு, ஆனாலும் சில கேமராக்கள் திணறும். எல்லாம் கிடைக்கோடுகள், பிம்பம் இடம் வலமாக நகர்ந்தாலும் அவற்றில் வித்தியாசம் தெரியாதே! கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்ளும்.

கம்பிவலைக்குப் பின்னால் இருப்பது, இரவு வானத்து நட்சத்திரம், பூவில் உட்கார்ந்த எறும்பு ஆகியவற்றுக்குக் கையால் குவிப்பதுதான் நல்லது. தெருவில் நடந்துகொண்டே எடுப்பவர்கள் கேமராவை ஃபோகஸே செய்ய விடமாட்டார்கள். 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, தூரம் 5 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்துவிட்டால் இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம்வரை ஓரளவு துல்லியம். பிறகு அமுக்குவது மட்டும்தான் வேலை. தொல்லை என்னவென்றால், இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் தூர அளவே எழுதியிருப்பதில்லை. வளையமும் முட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், மின்கம்பியால் மோட்டாருக்குச் செய்தி சொல்வதோடு சரி. பழைய லென்ஸின் கனத்த திருப்பம் பழகியவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கும்.

செம்போத்துக்காக நான் இரண்டையும் கலந்தேன். ஃபோகஸ் புள்ளியை ஆகச் சிறியதாக்கி, கிளைகளுக்கு இடையிலுள்ள சந்தில் வைத்து ஆட்டோவில் அருகே கொண்டுவந்தேன். மிச்சத்தை வளையத்தில் திருத்தினேன். முதல் நாள் திருத்தி முடிப்பதற்குள் பறந்துவிட்டது. ஐந்தாம் நாள் கிடைத்தது: கண்ணில் மாடிச் சுவரின் பிரதிபலிப்புகூடத் தெரிகிறது. வாலைத்தான் முருங்கைக்காய் மறைத்துவிட்டது.