ஒரே நாள், ஒரே சீட்டு

எச்.ஐ.வி. தொற்றோடு பல ஆண்டுகளாக வாழும் கூலித் தொழிலாளி அக்கா ஒருவரை அண்மையில் காலனியில் சந்தித்தோம். கூட்டு மருந்தை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால், சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அலட்சியம் அல்ல காரணம். உள்ளூரில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று பக்கத்து மாவட்ட ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகிறார். அதற்கு ஒரு நாள் கூலி போகிறது. சர்க்கரைக்கு வேறொரு நாள், வேறொரு வரிசை. இரண்டு நாள் கூலியை இழக்க அவரால் முடியவில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து வந்தது. அன்று பிழைத்தவர்கள் பலருக்கு இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. தொற்றுள்ளவர்களுக்கு இதய நோய் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இப்போது தரப்படும் டோலுடெகிராவிர் மருந்தால் சிலருக்கு உடல் எடையும் கூடுகிறது. அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. கூடவே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும்.

வீடு தேடி மாத்திரை தர 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. நல்ல திட்டம்தான். ஆனால், “வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று ஊழியர் வாசலில் நின்று கேட்டால், நம் அக்கா என்ன சொல்வார்? செய்தி ஊர்த்தெருவுக்குப் போனால் களத்து வேலையும் போகும். சாதித் தீண்டாமை போதாதென்று இன்னொரு தீண்டாமை சேரும். சம்மதமின்றி நோய் நிலையை வெளியிடக் கூடாது, சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம். ஊர் வாய்க்கு அது தெரியுமா?

நாம் கேட்பது எளிது. கூட்டு மருந்து வாங்க வரும் நாளிலேயே, அதே மையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். தேவைப்படுவோருக்கு அந்த மாத்திரைகளையும் அதே நாள் கணக்கில், அதே சீட்டில் தர வேண்டும். கருவியும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளுக்குப் புதியவை அல்ல. மாவட்ட நலப்பணிகள் நிர்வாகம் மனம் வைத்தால் போதும்.

அதுவரை, மருந்து வாங்கப் போகும் நம் உறவுகள் மருத்துவரிடம் கேளுங்கள்: “எனக்கு பி.பி.யும் சர்க்கரையும் பாருங்க.” அது சலுகை இல்லை, உரிமை. இருபது ஆண்டுகள் வைரஸோடு போராடி நின்ற உயிர்கள், ஒரு நாள் கூலிக்காகச் சர்க்கரையிடம் தோற்கக் கூடாது.