புரை பழுக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

"கொஞ்சம் பழுக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்." விம்கோ நகர், எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து எங்கள் கண் பிரிவுக்கு வரும் பெரியவர்களிடம் இச்சொற்களை இன்றும் கேட்கிறோம். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டோம். பழைய அறுவை முறைக்குப் புரை நன்கு முற்றியிருக்க வேண்டியிருந்தது. மருத்துவர்களே அவ்வாறு சொல்லி அனுப்பினர். இப்போது சிறு கீறல் வழியே மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சி, செயற்கை வில்லையைப் பொருத்துகிறோம். முற்றி இறுகிய புரையே இம்முறைக்குக் கடினமானது. சிலருக்கு அது வீங்கிக் கண்ணழுத்தத்தை உயர்த்தி, கடும் வலியையும் தரும். பேருந்தின் எண் தெரியவில்லை, அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, படி இறங்கத் தடுமாற்றம் என்று அன்றாட வேலை தடைப்படும்போதே வந்துவிடலாம்.

2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டுக்குக் கண்புரையே காரணம் எனத் தெரியவந்தது. அறுவையால் மீட்கத்தக்க பார்வை அது.

எங்களுக்கு அதைவிடக் கவலை தருவது கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய். பெரும்பாலும் வலியின்றி, ஓரப் பார்வையை முதலில் அரிக்கும். நேரே உள்ளது தெளிவாகத் தெரிவதால் நோயாளி நாளிதழ் படித்துக்கொண்டே இருப்பார். ஆனால் கதவுநிலையில் தோள் இடிக்கும். சென்னை நகரில் 40 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், இந்நோயின் பரவலான வகை இருந்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் அதை முன்பு அறிந்திருக்கவே இல்லை. இதில் இழந்த பார்வை திரும்பாது. மருந்து எஞ்சியதை மட்டுமே காக்கும். மங்கலுக்கெல்லாம் புரைதான் காரணம் என்றெண்ணி வீட்டில் ஓராண்டு காத்திருந்தால், அதன் பின்னே பார்வை நரம்பு ஓசையின்றிக் கருகிக்கொண்டிருக்கலாம். காத்திருப்பதை நாங்கள் அஞ்சுவது இதனால்தான். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால், 40 வயதைக் கடந்த மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்ட வேண்டும்.

கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. உடனே இதமளிக்கும், மாதக்கணக்கில் இட்டால் கண்ணழுத்தமும் ஏறலாம், புரையும் வளரலாம். மருத்துவர் எழுதித் தராத சொட்டு மருந்து வேண்டாம்.

செலவை எண்ணித் தயங்குவோர் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குச் செல்லலாம். 1819இல் தொடங்கப்பட்ட அது, உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் எழும்பூரில் இறங்கிவிடலாம்.

எங்கு சென்றாலும் பழைய கண்ணாடியையும், உண்ணும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவர் உடன் வரவேண்டும். திடீரெனப் பார்வை குறைந்தாலோ, மின்னல்போல் ஒளி தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் பெருகினாலோ மறுநாளைக்கெனத் தள்ளாமல் அன்றே வாருங்கள்.