பில்தான் உரைகல்

என் அத்தை தன் ஏழு கல் தோட்டை அடகு வைக்கப் போன அன்றுதான் அதன் விலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. 2018-இல் இரண்டு போகம் நெல் விற்ற காசில் வாங்கியது. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டி, உத்திரமேரூரில் ஒரு வங்கிக்கு எடுத்துப் போனார். மதிப்பீட்டாளர் எடை போட்டார், கல்லின் எடையைக் கழித்தார், கால்குலேட்டரைத் தட்டினார். "கல்லுக்குக் காசு கிடையாதும்மா, தங்கத்துக்கு மட்டும்தான்."

அவர் ஏமாற்றவில்லை. நகைக்கடனில் தங்கத்தின் மதிப்பை மட்டுமே எடுக்க வேண்டும், கல்லும் செய்கூலியும் கணக்கில் வராது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வைரத்தை ஆசைக்கு வாங்கலாம். அவசரத்துக்கு உதவும் என்று நினைத்து வாங்கக் கூடாது.

எங்கள் ஊரான உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயிலில் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள், அதில் ஏரி வாரியம், தோட்ட வாரியத்தோடு பொன் வாரியம் என்று ஒன்றும் இருப்பதைக் கவனிப்பதில்லை. கல்வெட்டின் ஆண்டு 921, முதலாம் பராந்தகன் காலம். பொன்னுக்கு அன்றைக்கே ஊர்ப் பொறுப்பில் ஒரு வாரியம் இருந்திருக்கிறது. இன்றைக்கு அந்த வேலையை ஹால்மார்க் செய்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்யுஐடி எண் கட்டாயம். அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் நகையின் தூய்மை தெரியும். முத்திரையில் இருப்பதைவிடத் தூய்மை குறைந்தால், குறைந்த மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் கேட்டு வாங்கலாம்.

ஆனால் அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான். 'ஹால்மார்க் வைர நகை' என்று விளம்பரம் சொல்லும்போது, கல்லைப் பற்றி அந்த முத்திரை ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை நினைவில் வையுங்கள். வைரத்தை உரைத்துப் பார்க்க உரைகல்லும் கிடையாது.

கேரட் என்ற சொல்லிலேயே முதல் குழப்பம். தங்கத்தில் கேரட் தூய்மையைக் குறிக்கும். வைர நகை பெரும்பாலும் 18 கேரட் தங்கத்தில்தான் செய்வார்கள், 22 அல்ல. வைரத்தில் கேரட் எடை. ஒரு கேரட் 0.2 கிராம், அதாவது நூறு சென்ட். அத்தையின் ஜோடித் தோட்டில் பதினான்கு கல், ஒவ்வொன்றும் ஐந்து சென்ட். மொத்தம் 70 சென்ட், எடை 0.14 கிராம். 'முக்கால் கேரட்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்' என்று கேட்கும்போது பெரிதாகத்தான் தெரிகிறது. 70 சென்டில் ஒற்றைக் கல்லின் விலை வேறு, பதினான்கு பொடிக் கல்லின் விலை வேறு. ஒற்றைக் கல் பல மடங்கு அதிகம். அதனால் பில்லில் மொத்த எடை மட்டும் இருந்தால் போதாது, எத்தனை கல் என்பதும் வேண்டும்.

எடை போக நிறம், தெளிவு, பட்டை தீட்டிய விதம் என்று மூன்று. நிறத்துக்கு டி முதல் இஸட் வரை எழுத்துகள். டி நிறமற்றது, போகப் போக மஞ்சள் ஏறும். தெளிவை விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ என்று பிரிப்பார்கள். அதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் வைத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஐந்து சென்ட் கல்லில் விவிஎஸ்ஸுக்கும் விஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மினுக்கு வருவது பட்டையால். என்னைக் கேட்டால், காசை அங்கே போடுங்கள்.

இங்கேதான் தோஷம் நுழைகிறது. வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ரேகை ஆகியவற்றைச் சிலப்பதிகார காலத்திலேயே எண்ணி வைத்துவிட்டார்கள். அந்தப் பயம் இன்றும் நல்ல வியாபாரம். 'தோஷமில்லாத கல்' என்று சொல்லிக் கூடுதலாக வாங்குகிறார்கள். மண்ணில் விளைந்த கல்லில் ஒரு புள்ளியாவது இல்லாமல் இருப்பது மிக அபூர்வம். 'ப்ளூ ஜாகர்' என்ற பெயரும் அப்படித்தான். அது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. பாட்டி காலத்து மதிப்பை இன்றைய கல்லுக்கு ஒட்டவைக்க அந்தப் பெயர் மட்டும் போதாது.

அடுத்தது, கல் வைரமேதானா என்பது. 'அமெரிக்கன் டைமண்ட்' வைரமே அல்ல, ஜிர்கோனியா. கடையில் பேனா மாதிரி ஒரு டெஸ்டரை வைத்து 'பீப்' கேட்க வைப்பார்கள். வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் அந்தப் பேனாவை மாய்சனைட் என்ற கல்லும் ஏமாற்றிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வந்தால் பேனா கண்டிப்பாகச் சத்தம் போடும், ஏனென்றால் அதுவும் நிஜ வைரம்தான். சென்னை ஐஐடியிலேயே அதை வளர்க்கும் ஆராய்ச்சிக்கு 2023-இல் மத்திய அரசு பணம் ஒதுக்கியது. அதை விற்பதில் தப்பில்லை. சொல்லாமல் சுரங்க வைரத்தின் விலைக்கு விற்பதுதான் மோசடி, ஏனென்றால் அதன் விலை மிகக் குறைவு, இன்னும் இறங்கியபடி இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆய்வகக் கருவி வேண்டும். அத்தையின் கண்ணோ என் கண்ணோ போதாது.

எனவே காகிதம். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகத்தின் சான்றிதழ் கேளுங்கள். கடை அச்சடித்துத் தரும் அட்டை சான்றிதழ் ஆகாது. சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். பில்லில் நகையின் மொத்த எடை, தங்கத்தின் நிகர எடை, கல்லின் எண்ணிக்கை, சென்ட், நிறம், தெளிவு, இயற்கையா ஆய்வகமா என்பது, செய்கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். திரும்பக் கொடுத்தால் எத்தனை சதவீதம், காசாகவா மாற்று நகையாகவா என்பதையும் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு கடை வாசலோடு சரி.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள், தமிழில் பேசலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தி.நகரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கல்லைச் சோதிக்க வேண்டுமென்றால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. ஆனால் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

அத்தைக்கு இதில் எதுவும் பயன்படவில்லை. பில் போடாவிட்டால் மூன்று சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று கடையில் சொன்னார்கள், அவரும் சரியென்றார். அவரிடம் இருப்பது பென்சிலால் எழுதிய ஒரு எஸ்டிமேட் சீட்டு. அதில் கடையின் பெயர்கூட இல்லை.