நிறத்தை முடிவு செய்வது ஆக்சிஜன்

குளத்தடிச் சேற்றிலும் கழிவுநீர்த் தேக்கங்களிலும் வாழும் ஊதா பாக்டீரியாக்கள் வெளிச்சத்தைக் கொண்டு பிழைக்கத் தெரிந்தவை. ஆகவே அவற்றின் நிறமியைக் கூட்டுவதும் குறைப்பதும் வெளிச்சமாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலமாக வளர்த்துவரும் ரோடோபாக்டர் ஸ்பீராய்டிஸ் அப்படி நடந்துகொள்வதில்லை. குடுவையை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றினால் அது செழித்து வளரும், கரைசலும் கலங்கும், ஆனால் நிறம் வெளிறியே இருக்கும். காற்றைக் குறைத்தால் சில மணி நேரத்தில் சிவப்பேறத் தொடங்கும். குடுவை இருட்டறையில் இருந்தாலும் ஏறும் என்பதுதான் முக்கியம். இருட்டில் அந்த நிறமியால் உடனடிப் பயன் ஏதுமில்லை. ஆக்சிஜன் குறைந்ததே அதற்குப் போதுமான சைகை. அப்போது செல்சவ்வு உள்நோக்கி மடிந்து, சுமார் 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள நுண்பைகளாகப் பெருகுகிறது. பாக்டீரியப் பச்சையமும் கரோட்டினாய்டுகளும் புரதங்களோடு சேர்ந்து அந்தச் சவ்வில்தான் பதிகின்றன.

வளர்ச்சி வேறு, நிறம் வேறு என்பதைத் தெளிவாகக் காட்டியது 1957இல் கோஹன்-பசீர், சிஸ்ட்ராம், ஸ்டேனியர் மூவரும் வெளியிட்ட ஆய்வு. காற்றில்லாமல் வெளிச்சத்தில் வளர்ந்துகொண்டிருந்த பாக்டீரியாக்களுக்குக் காற்றைக் கொடுத்ததும் பச்சைய உற்பத்தி சட்டென நின்றது, வளர்ச்சி நிற்கவில்லை. கரைசலின் சிவப்பைப் பார்த்தே பாக்டீரியா எவ்வளவு பெருகியிருக்கிறது என்று மதிப்பிடுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து புரியும். வெளிச்சத்துக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. வெளிச்சம் கூடினால் நிறமி குறையும் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆனால் அது அளவைத்தான் திருத்துகிறது. நிறமியை ஆக்குவதா வேண்டாமா என்பதை ஆக்சிஜனே தீர்மானிக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்போது பி.பி.எஸ்.ஆர் என்ற புரதம் நிறமி மரபணுக்களின் மேல் உட்கார்ந்து அவற்றை அடக்கிவைக்கிறது. ஆக்சிஜன் குறையும்போது அந்தப் பிடி தளர்கிறது, வேறொரு புரத இணை அதே மரபணுக்களைத் தூண்டுகிறது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? ஆக்சிஜன் இருந்தால் சுவாசத்திலேயே வேண்டிய ஆற்றல் கிடைத்துவிடுகிறது, நிறமி வீண்செலவு என்பது வழக்கமான பதில். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சிக்கனம் மட்டுமே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 1955இல் வெளியான ஒரு சோதனை இன்னும் வலுவான காரணத்தைத் தருகிறது. கரோட்டினாய்டு ஆக்க முடியாத, நீலப்பச்சை நிறம் கொண்ட ஒரு திரிபு இனம் காற்றில்லாத வெளிச்சத்தில் நன்றாக வளர்ந்தது, காற்றுள்ள இருட்டிலும் வளர்ந்தது. வெளிச்சமும் காற்றும் ஒன்றுசேர்ந்ததும் செத்தது. ஒளிபட்டுக் கிளர்ந்த பச்சையம் தன் ஆற்றலை ஆக்சிஜனிடம் கொடுத்து, செல்லையே சிதைக்கும் வீரியமுள்ள ஆக்சிஜனாக மாற்றிவிடுகிறது. அதைத் தணிப்பவை கரோட்டினாய்டுகள். பச்சையம் உருவாகும் வழியில் தோன்றும் இடைப்பொருள்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆகவே உற்பத்தியையே நிறுத்திவைப்பதை நான் முதலில் பாதுகாப்பாகவும் பிறகே சிக்கனமாகவும் பார்க்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு கடலிலிருந்து வந்தது. டோக்கியோ விரிகுடாவின் கடற்பாசியில் கிடைத்து 1982இல் பெயரிடப்பட்ட எரித்ரோபாக்டர் லாங்கஸ், ஆக்சிஜன் இருந்தால்தான் பச்சையத்தையே ஆக்கும். பச்சையத்தின் ஒரு வளையத்தில் சேரும் ஆக்சிஜன் அணு காற்றில்லாமல் வளரும் ஊதா பாக்டீரியாக்களில் தண்ணீரிலிருந்து வருகிறது. காற்றை நாடும் இவ்வகையிலோ ஆக்சிஜன் வாயுவிலிருந்தே வருகிறது. அப்படியானால் ஆபத்து என்ற வாதம் விழுந்துவிடுமா? விழாது. எரித்ரோபாக்டரில் பச்சைய உற்பத்தியை நிறுத்துவது வெளிச்சம். ரோடோபாக்டர் ஆக்சிஜனைக் கண்டு நிறுத்துகிறது, இது வெளிச்சத்தைக் கண்டு நிறுத்துகிறது; வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்திருக்கும் நேரத்தில் பச்சையத்தை ஆக்குவதை இரண்டுமே தவிர்க்கின்றன. எரித்ரோபாக்டர் இருட்டில் ஆக்கும் பச்சையம் கொஞ்சம்தான், கரோட்டினாய்டோ ஏராளம். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அது பகலில் சுவாசித்தபடியே ஒளியையும் கூடுதல் வரவாக எடுத்துக்கொள்கிறது.