உறக்கத்தை விலைக்கு வாங்கலாமா?

கொல்கத்தா பவானிபூரில் நான் பணியாற்றிய காலத்தில், ஒருநாள் காலை தமிழ் வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வசிப்பவர். பணி ஓய்வு பெற்றவர். தமது வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். அவருடைய மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்து வந்தது; இரவில் அவர் கண் மூடுவதே இல்லை. ஆழ்ந்த உறக்கம் உறுதி என்று கூறி, ஆறு மாதத்திற்கான மாத்திரைகளையும் பொடிகளையும் மொத்தமாக விற்க ஒருவர் முன்வந்திருந்தார்.

"பணத்தைத் தருவதில் எங்களுக்குத் தடையில்லை, ஐயா. ஆனால், அந்தப் பட்டியலை முதலில் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்" என்றேன். அவரும் இசைந்தார்.

உறக்கம் ஏன் கெடுகிறது?

டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் உறக்கக் குறைவு மிகப் பரவலானது. கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் அமைதியின்மை, தோல் அரிப்பு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மன அழுத்தம் ஆகியவை முக்கியக் காரணங்கள். பகலில் டயாலிசிஸ் படுக்கையிலேயே உறங்கிவிடுவதும் இரவு உறக்கத்தைக் குறைக்கும். காரணம் ஒவ்வொருவருக்கும் வேறுபடுவதால், ஒரே மாத்திரை அனைவருக்கும் தீர்வாகாது.

துணைப்பொருட்கள் பயன் தருமா?

மெலடோனின் குறித்து நெதர்லாந்தில் ஆய்வுகள் நடந்துள்ளன. 2009இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், நாள்தோறும் 3 மில்லிகிராம் உட்கொண்ட டயாலிசிஸ் நோயாளிகளின் உறக்கம் சில வாரங்களில் மேம்பட்டது. ஓராண்டுக் காலம் நீடித்த பிந்தைய ஆய்விலோ, மூன்றாம் மாதத்தில் தென்பட்ட நன்மை ஆண்டிறுதியில் நிலைக்கவில்லை. குறுகிய காலப் பயனை நிரந்தரத் தீர்வாக எண்ணலாகாது என்பதே இதன் பாடம்.

உறக்கத்திற்கென விற்கப்படும் மக்னீசியம் மாத்திரைகளில் கூடுதல் கவனம் தேவை. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் மக்னீசியம் தேங்கி, தசைத் தளர்ச்சியையும் இதயத் துடிப்புக் கோளாறையும் உண்டாக்கக்கூடும். நோனிச் சாற்றிலும் இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. வைட்டமின் ஏ உடலில் சேர்ந்து நச்சாகலாம். டயாலிசிஸில் இழக்கப்படும் பி வகை வைட்டமின்களையோ மருத்துவரே தேவைக்கேற்பப் பரிந்துரைப்பார்.

மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்றும் கருத முடியாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைப்பதற்கான மூலிகை மாத்திரைகளை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. கொல்கத்தாத் தெருக்களில் 'காம்ராங்கா' என்று விற்கப்படும் நட்சத்திரப் பழமும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது. விடாத விக்கல், உறக்கமின்மை, மனக்குழப்பம், வலிப்பு என அதன் நச்சு வளர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

பணத்தைச் செலவிடுமுன்

நீண்டகாலச் சிகிச்சையில் ஒவ்வொரு ரூபாயும் மதிப்புடையது. வைப்பை உடைத்தால் வட்டி குறையும். அவசரத் தேவைக்கு வைப்பின் மீது கடன் பெறுவது பல நேரங்களில் நன்று. 2016இல் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் கீழ், வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர் அரசு மாவட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். மருத்துவக் காப்பீடு உள்ளோர், மருத்துவமனையில் தங்காமல் பெறும் டயாலிசிஸுக்கும் இழப்பீடு உண்டா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வாங்கும் துணைப்பொருள் ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் எழுதி, மருந்துச் சீட்டுடன் வைத்திருப்பதும் நலம்.

இரு வாரங்கள் கழித்து அந்த வாடிக்கையாளர் மீண்டும் வந்தார். பட்டியலில் மக்னீசியம் உட்பட இரண்டை மருத்துவர் அடித்துவிட்டாராம். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு தெரியவந்தது. கால் அமைதியின்மைக்கு அது ஒரு காரணமாகலாம் என்பதால், டயாலிசிஸின்போதே நரம்பு வழியாக இரும்புச்சத்து செலுத்தத் தொடங்கியிருந்தனர். பின்னர் ஒருநாள், "முழு இரவும் தூங்குகிறாள் என்று சொல்ல மாட்டேன், ஆனால், நான்கு மணி நேரமாவது தூங்குகிறாள்" என்றார்.

வைப்புத்தொகை அப்படியே இருந்தது. அதைவிட, அந்த நான்கு மணி நேரமே அவர் முகத்தில் தெரிந்தது.