பழைய பிக்கப் வேனை வீட்டிலேயே 'ஹாட் ராட்' ஆக்கலாமா? வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கினால் கேஸ்!

தாம்பரம் வாலிபர்களைப் பிடித்து ஆட்டும் மோகம். சட்டம் சொல்வது என்ன?

காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி. பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் நல்ல எடை நிற்கும். அந்தப் பழைய பிக்கப் வேனை வீட்டு வாசலில் நிறுத்திப் பிரித்து, கூரையை வெட்டி, உடம்பைத் தாழ்த்தி, வேறு எஞ்சினைத் தூக்கி வைத்து, 'தடதட'வென்று சத்தம் போடும் ராட்சத வண்டியாக மாற்ற முடியுமா?

முடியும். கை நிறைய பணமும், லேத் தெரிந்த ஆளும், பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையும் இருந்தால் முடியும்.

ஆனால் அதை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்ட முடியுமா? அங்கேதான் சிக்கல். 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்தே கிடைக்கலாம்!

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, அப்பா ஓட்டிய சரக்கு வண்டியில் கை வைக்கும் வாலிபர்களும், அவர்களுக்குப் பணம் கொடுக்கும் பெற்றோரும் ஸ்பானரைத் தூக்கும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

அமெரிக்காவில் பிறந்த பைத்தியம்

'ஹாட் ராட்' என்பது கம்பெனி செய்து விற்கும் வண்டி அல்ல. பழைய வண்டியை வாங்கி, வேண்டாத பாரத்தை எல்லாம் கழற்றி எறிந்து, பலமான எஞ்சினை வைத்து, சொந்தக்காரரே கட்டிக்கொள்ளும் வண்டி.

இது 1930-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சூடு பிடித்தது. 1932-ல் போர்டு கம்பெனி, சாமானியர்களும் வாங்கும் விலையில் 8 சிலிண்டர் காரை விட்டது. அதன் சக்தி 65 குதிரைத் திறன். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

அந்தக் கார்கள் பழசாகி விலை இறங்கியதும் வாலிபர்கள் பாய்ந்து வாங்கினார்கள். மட்கார்டு போனது. பானெட் போனது. சில வண்டிகளில் கூரையும் போனது. வற்றிப்போன ஏரிகளின் கட்டாந்தரையில் போட்டி நடந்தது. இதை ஒழுங்குபடுத்த 1937-ல் ஒரு சங்கமே பிறந்தது.

ஏரியோடு நின்றார்களா? இல்லை. ஊருக்குள் நடுரோட்டில் பந்தயம் விட்டார்கள். விபத்துகள் நடந்தன. போலீசார் விரட்டினார்கள். ரோட்டுப் பந்தயத்தைத் தனி மைதானத்துக்குக் கொண்டு போக 1951-ல் தேசிய சங்கம் ஒன்று அங்கே தொடங்கப்பட்டது.

இரவு நேரத்தில் மெரினாவிலும் கிழக்குக் கடற்கரை சாலையிலும் பைக் ரேஸ் விடுகிறவர்களைப் போலீசார் மடக்கும் கதை நமக்குப் புதிதல்ல. அதே தலைவலி அங்கே முன்பே வந்துவிட்டது!

தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே நடந்த எஞ்சின் மாற்றம்

வண்டி விஷயத்தில் தாம்பரம் வட்டாரம் ஒன்றும் சளைத்ததல்ல. ஹாட் ராடுக்கு ஆதி காரைத் தந்த அதே போர்டு கம்பெனி, மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்து 2022 வரை கார் செய்தது. குரோம்பேட்டையில் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியில் ஆட்டோமொபைல் படிப்பு உண்டு.

எல்லாவற்றையும் விட முக்கியம், பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் இயங்கிய 'ஸ்டாண்டர்டு' கார் தொழிற்சாலை. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1948-ல் தொடங்கப்பட்டது. வேன்கார்டு, பென்னன்ட், ஹெரால்டு, கெசல் என்று வரிசையாகக் கார்கள் வந்தன. 'ஸ்டாண்டர்டு 20' என்ற பெயரில் வேனும் பிக்கப்பும் வந்தன.

1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரை அந்தக் கம்பெனி விட்டது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் காருடையது. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடம்பு அது. இங்கிலாந்தில் அதற்கு 3,500 சி.சி., 8 சிலிண்டர் எஞ்சினும் வைத்தார்கள்.

இங்கே வைத்தது என்ன? பழைய வேன்கார்டு காலத்து 4 சிலிண்டர் எஞ்சின். ஏறக்குறைய 2,000 சி.சி. சக்தி 83 குதிரைத் திறன்தான்!

அதாவது ஹாட் ராடுக்கு நேர் எதிர். அங்கே பழைய உடம்பில் பலமான எஞ்சின். இங்கே புது உடம்பில் பழைய எஞ்சின். பார்க்க ராஜா மாதிரி இருந்த கார், ஓட்டத்தில் திணறியது. விற்பனை எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை நிலத்தில் இப்போது ஸ்ரீராம் நிறுவனத்தின் ஐ.டி. கட்டிடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

எஞ்சினும் உடம்பும் ஜோடி சேராவிட்டால் பெரிய கம்பெனியே கவிழும். வீட்டு வாசலில் கட்டுகிறவர் கதி என்ன?

பிரிப்பது சுலபம், சேர்ப்பதுதான் கஷ்டம்

பழைய பிக்கப்பை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏணி மாதிரி தனிச் சேஸ் இருக்கும். மேலே கேபினும் தொட்டியும் போல்ட்டு போட்டு உட்கார்ந்திருக்கும். போல்ட்டைக் கழற்றினால் உடம்பைத் தனியே தூக்கிவிடலாம். இப்போது வரும் கார்களில் உடம்பும் சேசும் ஒன்றாகவே இருக்கும். அதில் கை வைத்தால் மொத்த பலமும் போய்விடும்.

முதல் வேலை துருப் பார்ப்பது. பெயிண்ட் பளபளக்கும், உள்ளே தகடு அப்பளமாக நொறுங்கும். கடல் காற்று அடிக்கும் ஊரில் ஓடிய வண்டி என்றால் சேசைச் சுத்தியால் தட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. தண்ணீரில் நின்ற வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் வயரிங் முழுவதையும் பிடுங்கிப் புதிதாகப் போடாவிட்டால் ஒருநாள் புகை வரும்.

அடுத்தது டிங்கரிங். கூரையை வெட்டிக் குள்ளமாக்குவது, கேபினைச் சேசுக்குள் இறக்குவது, கமான் பட்டைகளில் சிலதை எடுத்து வண்டியைத் தாழ்த்துவது எல்லாம் இதில் அடங்கும். வெல்டிங் சரியில்லை என்றால் பட்டி பூசி மறைத்துவிடலாம். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது பட்டி தாங்காது!

பெட்ரோல் டாங்கைக் கழற்றாமல் பக்கத்தில் வெல்டிங் வைப்பது தற்கொலைக்குச் சமம். காலி டாங்க் இன்னும் ஆபத்து. அதில் ஆவி நிறைந்திருக்கும். ஒரு பொறி போதும்.

எல்லோரும் கோட்டை விடுவது பிரேக்கில்தான். எஞ்சினுக்குக் கொட்டிக் கொடுப்பார்கள். பிரேக் மட்டும் சரக்கு வண்டியில் இருந்த பழைய டிரம் பிரேக்காகவே இருக்கும். வேகம் 2 மடங்கானால், பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரம் 4 மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, 80-ல் 40 மீட்டர் வேண்டும். குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் 40 மீட்டர் இடைவெளி யாருக்குக் கிடைக்கும்?

புதுப்பேட்டை எஞ்சின்: ஜாக்கிரதை!

வேறு எஞ்சின் வேண்டும் என்றால் சென்னையில் எல்லோரும் சொல்லும் ஒரே இடம் புதுப்பேட்டை. எழும்பூர் பக்கம் சந்து சந்தாகப் பழைய எஞ்சின், கியர் பாக்ஸ், கதவு, கண்ணாடி குவிந்து கிடக்கும். நேர்மையாகத் தொழில் செய்யும் கடைகள் ஏராளம். ஆனால் திருட்டு வண்டி தேடிப் போலீசார் எட்டிப் பார்க்கும் இடமும் அதுவே.

எஞ்சின் வாங்கினால் பில் வாங்க வேண்டும். எஞ்சின் நம்பர் அதில் எழுதியிருக்க வேண்டும். நம்பர் பொறித்த இடம் ராவப்பட்டிருந்தால் தொடவே கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றச் சட்டத்தின் 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

சேஸ் நம்பர் விஷயமும் அப்படியே. சேசை வெட்டி ஒட்டும்போது நம்பர் உள்ள இடம் போய்விட்டால், சொந்த வண்டியே திருட்டு வண்டி மாதிரி ஆகிவிடும்!

சுப்ரீம் கோர்ட்டு போட்ட தடை

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தாயிற்று. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டு போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவாரா?

மாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி தயாரித்தபோது இருந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அமைப்பே மாறும்படி செய்வதுதான் 'மாற்றம்' என்று அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம்தான் ஜெயிலையும், மாற்றத்துக்கு ரூ.5 ஆயிரம் அபராதத்தையும் சேர்த்தது.

கூரை வெட்டினால் ஒரு மாற்றம். எஞ்சின் மாற்றினால் இன்னொன்று. சைலன்சரைப் பிடுங்கிச் சத்தம் போட்டால் அதற்குத் தனிப் பிரிவு, ரூ.10 ஆயிரம் வரை அபராதம், 3 மாதம் வரை ஜெயில்!

பெயிண்ட் மாற்றுவதற்கு வழி உண்டு, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். கியாஸ் கிட் பொருத்த வழி உண்டு. அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். பழைய எஞ்சின் பழுதாகி அதே ரக எஞ்சின் வைத்தாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி இருக்கிறது. அடிபட்டவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்க வண்டிக்காரர் வீட்டையே விற்க நேரலாம். அபராதத்தை விடப் பெரிய அடி இதுதான்.

'விண்டேஜ்' என்று தப்பிக்கலாமா?

பழைய கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு ஆன சொந்த உபயோக வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனி நம்பர் கிடைக்கும். கட்டணம் ரூ.20 ஆயிரம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்கு மட்டுமே ஓட்டலாம். தினசரி ஆபீசுக்கு ஓட்டக் கூடாது.

ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. சேசும் உடம்பும் எஞ்சினும் மாறியிருந்தால் கதவு மூடிவிடும். ஆகவே வீட்டுக் கொல்லையில் பழைய ஹெரால்டோ, ஸ்டாண்டர்டு வேனோ நிற்கிறதா? அதை வெட்டுவதை விடப் பழையபடியே சீர் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

மாற்றாமல் ஓட்டினாலும் செலவு உண்டு. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ரூ.600 ஆக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.5 ஆயிரம் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரம் ஆக்கப்பட்டது.

அப்படியானால் ஆசைக்கு என்ன வழி?

வழி இருக்கிறது. ரோட்டில் இறக்காமல், பந்தய மைதானத்துக்கு என்றே வண்டி கட்டுவது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் அது நடத்திய பந்தயங்களுக்குக் கூட்டம் அலைமோதும். பியட்டும் ஹெரால்டும் உருமாறி அங்கே சீறிப் பாய்ந்தன. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர மைதானமே வந்தது. வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், கிளப் விதிப்படி சோதனைக்குக் காட்டி, ஹெல்மெட் போட்டு ஓட்டலாம்.

கோவை கரிவரதன் இந்த வழியில்தான் போனார். மாருதி எஞ்சினை வைத்து இங்கேயே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 1995-ல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் மைதானம் இருக்கிறது. அந்த ரக மாருதிப் பந்தயக் காரில் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் உலகின் உச்சப் பந்தயமான பார்முலா-1-ல் ஓடிய முதல் இந்தியர் ஆனார். சட்டப்படி நடந்த கைவேலைக்கு இதை விடப் பெரிய சாட்சி வேண்டுமா?

வீட்டில் வேலை செய்கிறவர்கள் தெருவை அடைக்காமல், இரவில் சுத்தியல் தட்டாமல், கழிவு ஆயிலைக் கால்வாயில் ஊற்றாமல் இருந்தால் மாநகராட்சியும் போலீசாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஆயில் கடைசியில் போய்ச் சேருவது சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளில்தான்.

வண்டி வாசலில் நிற்கும் வரை அது பொழுதுபோக்கு. நம்பர் பிளேட்டு மாட்டி ரோட்டுக்கு வந்துவிட்டால், எதிரே சைக்கிளில் பால் கேனோடு வருகிறவரின் உயிரும் அந்த வெல்டிங்கில்தான் தொங்குகிறது.